ஒலியை விட்டுவிட்டுப் பயணம் போன எழுத்துகள்

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உலகம் முழுவதும் தமிழ் தெரியாத பிள்ளைகள் ‘ஜ’வைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள். இணைய விளையாட்டுகளின் முகப்புப் பக்கங்களிலும் காணொளிகளுக்குக் கீழே எழுதும் வரிகளிலும் ஒரு அலங்காரக் கோடு அடிக்கடி கண்ணில் படும். இரு புறமும் தடித்த பட்டைகள், நடுவில் அரபு எழுத்துத் தொகுதியிலிருந்து எடுத்த குறிகள், அவற்றுக்கு அணைவாக இடமும் வலமும் ஒவ்வொரு ‘ஜ’. அந்த அரபுக் குறிகளில் ஒன்று, குர்ஆன் ஓதுகையில் நெற்றியைத் தரையில் வைத்து வணங்க வேண்டிய இடத்தைக் காட்டுவது. மற்றொன்று, ஓதுவதற்காகப் பிரித்த பகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்டுவது. கோட்டை ஒட்டுபவருக்கு இந்த விவரமும் தெரியாது, நடுவே நிற்பது தமிழ் எழுத்து என்பதும் தெரியாது. கோயில் வாசல் வளைவு போல ஒரு வடிவம் கிடைக்கிறது, அது போதும் அவருக்கு.

‘இ’க்குக் கிடைத்த வேலை வேறு. ஜப்பானிய முகக்குறிகளில் அது அழும் கண்: (இ﹏இ). உள்ளே சுருண்டு, கீழே வளைந்து ஓடும் அதன் கோடு நீர் ததும்பும் விழியாகத் தெரிகிறது. ‘ஐ’யைப் பூவாகவும் வண்ணத்துப்பூச்சியாகவும் பெயர்களின் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். வருடத்தைக் குறிக்கப் பழைய பத்திரங்களில் எழுதிய ‘௵’, அழகெழுத்துப் பட்டியல்களில் பொருள் இழந்து கிடக்கிறது.

இதைப் பார்த்துக் கோபப்படும் தமிழர்கள் உண்டு, பெருமைப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம் என்று நினைக்கிறேன். இங்கே நடப்பது எழுத்தின் உடல் மட்டும் ஊர்விட்டு ஊர் போவது. ஒலி வீட்டிலேயே தங்கிவிட்டது. இதற்கு நேர் எதிரான நிலையில், ஒலி வாயில் இருந்தும் வடிவம் கைக்கு வராமல், ஒரு கூட்டம் நம் பக்கத்திலேயே வாழ்கிறது. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கமும், இடுக்கியின் மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி பக்கமும் தமிழ் பேசி வளரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் அவர்கள். அழும் கண்ணையும் அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் எழுத்து என்ற பொருள் எத்தனை விதமாகப் பிரியக்கூடியது என்று விளங்கும்.

முதலில் ஜப்பானுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் :-) என்ற குறியை முன்மொழிந்தார். அதைப் படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும். ஜப்பானில் 1986-இல் யாசுஷி வகபயாஷி பதிவிட்ட (^_^) நிமிர்ந்த முகம். மேற்கத்திய முகத்தில் உணர்ச்சியைச் சொல்வது வாய், ஜப்பானிய முகத்தில் கண். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் மசாகி யூகியும் அவருடைய கூட்டாளிகளும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. முகக்குறியின் உணர்ச்சியைக் கணிக்கும்போது ஜப்பானியர் கண்ணுக்கும் அமெரிக்கர் வாய்க்கும் கூடுதல் எடை தருவதாக அது கண்டது. அப்படியானால் ஜப்பானிய முகம் வரைகிறவருக்குத் தீராத தேவை புதுப்புதுக் கண்கள்தான். ‘இ’யை இழுத்து வந்ததும் அந்தத் தேவையே.

கண்களைத் தேடிப் போக அவர்களுக்குக் கருவியும் இருந்தது. ஜப்பான் 1978-இல் வகுத்த கணினி எழுத்துத் தரத்திலேயே சீனவழி எழுத்துகளோடு கிரேக்க எழுத்துகளும் ரஷ்ய எழுத்துகளும் இடம்பெற்றிருந்தன. கணித நூலும் அறிவியல் கட்டுரையும் அச்சிடச் சேர்த்தவற்றை மக்கள் முகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ரஷ்ய ‘டே’ திறந்த வாயானது, கிரேக்க ஒமேகா பூனையின் உதடானது. 1999-இல் தொடங்கிய ‘இரண்டாம் சேனல்’ என்ற தளத்தில் இந்தக் கலை செழித்துப் பெரிய சித்திரங்களாகவே வளர்ந்தது. தோளைக் குலுக்கிக் கைவிரிக்கும் அந்தப் புகழ்பெற்ற உருவத்தின் சிரித்த முகம், ‘ட்ஸு’ என்று ஒலிக்கும் அவர்களுடைய சொந்த எழுத்து.

பிறகு யூனிகோடு வந்தது. 1991-இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் இடம் இருந்தால் மட்டும் எழுத்து திரையில் வந்துவிடாது, எழுத்துரு வேண்டும். விண்டோஸ் 2000-த்தோடு தமிழுக்கு ‘லதா’ வந்தது, அடுத்த பதிப்புகளில் கன்னடத்துக்கு ‘துங்கா’வும் மலையாளத்துக்கு ‘கார்த்திகா’வும் வந்தன. அந்த மொழிகளை ஒருபோதும் எழுதப்போகாதவரின் கணினியிலும் இவை சத்தமில்லாமல் குடியேறின. ஜப்பானியரும் அமெரிக்கரும் நம் எழுத்துகளைக் கண்டெடுத்தது இப்படித்தான் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் எழுத்துப் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்திருக்கிறார், ஒரு கண் கிடைத்திருக்கிறது.

எந்த எழுத்து போகும், எது போகாது என்பதற்கு ஒரு தர்க்கம் உண்டு. நல்ல சான்று கன்னடத்தின் அழுத்தமான ‘ட்ட’. ‘பட்டம்’ என்ற சொல்லில் வருவது அல்ல, அதற்கு அடுத்த, மூச்சு சேர்ந்த டகரம். ஒரு வட்டம், நடுவே புள்ளி, தலைக்கு மேல் ஒரு கட்டு. அந்தத் தலைக்கட்டு புருவமானது, புள்ளி கருவிழியானது. 2000-களின் இறுதியில் இந்த எழுத்து இரண்டை ஒரு கோட்டால் இணைத்து, ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று முறைக்கும் பார்வையாக உலகம் எடுத்துக்கொண்டது. அதே ஒலிக்கு மலையாளத்தில் உள்ள எழுத்தும் வட்டம்தான், ஆனால் வெறும் வட்டம். புருவமும் இல்லை, விழியும் இல்லை, ஆகவே அது முறைக்கப் போகவில்லை.

ஆனால் அந்த வெறும் வட்டத்தை மலையாளிகள் தம் பேச்சிலேயே வடிவமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மிகச் சிறிய இடத்தை ‘ட்டா வட்டம்’ என்பார்கள். அந்த எழுத்தின் வட்டத்துக்குள் அடங்கும் அளவு இடம் என்று பொருள். தமிழில் நாம் விருந்துக்கு மேசைகளை ‘ப’ வடிவில் போடுகிறோம், வீட்டை ‘ட’ வடிவில் கட்டுகிறோம். எழுத்தை ஒலியிலிருந்து கழற்றி வெறும் உருவமாகப் பார்க்கும் பழக்கம் இணையம் கற்றுத்தந்தது அல்ல. சித்திரகவி மரபில் நாகபந்தம், ரதபந்தம் என்று பாடலைப் பாம்பாகவும் தேராகவும் அடுக்கியவர்கள் நம் புலவர்கள். வேறுபாடு ஒன்றே. அங்கே ஒவ்வொரு எழுத்தும் படிக்கப்பட வேண்டும். பாம்பு வளைந்து தன் உடலை வெட்டிக்கொள்ளும் சந்திப்பில் நிற்கும் ஓர் எழுத்து இரண்டு சொற்களுக்கு ஒலி தர வேண்டும், ஒலி பிசகினால் பாம்பே இல்லை.

மலையாளத்துக்கு வருவோம். அண்மை ஆண்டுகளில் கொரிய, ஜப்பானிய இளையோரிடமிருந்து கிளம்பி எங்கும் பரவிய ஒரு முகக்குறியில், முகத்துக்கு இடப்பக்கம் ஒரு கை கட்டைவிரலை உயர்த்திக் காட்டும். அந்தக் கை ஒரு மலையாளக் கூட்டெழுத்து. ‘உத்தேசம்’ என்று மலையாளத்தில் எழுதினால் நடுவில் வரும் மென்மையான இரட்டைத் தகரம், அதன்மேல் இகரக் குறி. அடுக்கிய சுருள்கள் மடக்கிய விரல்கள், வலப்பக்கம் மேலே எழும் இகரக் குறி நிமிர்ந்த கட்டைவிரல். கேரளத்து நாளிதழ்களில் ‘உத்திஷ்ட காரியத்துக்கு உபகார ஸ்மரண’ என்று புனிதர்களுக்கு நன்றி சொல்லும் சிறு விளம்பரங்கள் வரும். அங்கே பக்தியோடு அச்சாகும் அதே எழுத்து, சியோலில் ஒரு மாணவியின் கைப்பேசியில் ‘நல்லது, அப்படியே செய்’ என்கிறது.

இந்தக் கை திரையில் உருவாக நான்கு குறியீடுகள் வரிசையாக வர வேண்டும்: தகரம், சந்திரக்கலை, மீண்டும் தகரம், இகரக் குறி. அவற்றைச் சேர்த்து ஒரே உருவமாக வனையும் எழுத்துரு இல்லையென்றால் கை சிதறி நான்கு துண்டாகிவிடும். அது சிதறாமல் இருப்பதற்குப் பின்னால் ஒரு நெடிய உழைப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. தட்டச்சுப் பொறிக்கு வசதியாக இருக்கட்டும் என்று கேரள அரசு 1971-இல் மலையாள எழுத்தைச் சீர்திருத்தியது. உகரக் குறிகள் எழுத்தை விட்டுத் தனியே விலகின, கூட்டெழுத்துகள் பல பிரிந்தன. ஏழாண்டு கழித்து, 1978-இல், தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ‘லை’யும் ‘னை’யும் தம் துதிக்கையை இழந்தன. எல்லையின் இரு பக்கமும் ஒரே பத்தாண்டுக்குள் எழுத்தின் உருவம் அரசாணையால் மாறியது. இரண்டு எழுத்தும் தெரிந்த சித்தூர் வாத்தியார் ஒருவர் இரண்டு முறை கையைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

கணினி வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது என்று கண்டவர்கள் ஆர். சித்ரஜகுமாரும் கே. எச். ஹுசைனும். 1999-இல் ‘ரசனா’ இயக்கத்தின் மூலம் பழைய கூட்டெழுத்துகளை முழுமையாக மீட்டு எழுத்துரு செய்தார்கள். 2002-இல் தொடங்கிய சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் அதைக் கட்டற்ற மென்பொருளாகப் பேணினார்கள், பெரும்பாலும் ஊதியமில்லாமல். தமிழ்ப் பக்கத்தில் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு’வைத் தொடங்கிவிட்டார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-இல் தமிழை வலைப்பக்கத்தில் ஏற்றினார். சியோலில் உயரும் கட்டைவிரலுக்கும் டோக்கியோவில் அழும் கண்ணுக்கும் அடியில், இப்படித் தாய்மொழிக்காக இரவு விழித்தவர்களின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் முகக்குறிக்காகச் செய்யவில்லை. ஆனாலும் எழுத்து பிழைத்திருந்தால்தானே யாரும் அதை எடுத்து விளையாட முடியும்.

‘ஜ’வும் இந்தக் கையும் உறவுக்காரர்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தமிழின் ‘ஜ’ கிரந்த எழுத்து. மலையாள எழுத்தின் தாயும் கிரந்தமே. வடமொழியைத் தென்னாட்டில் எழுதப் பிறந்த கிரந்தம், கேரளத்தில் வட்டெழுத்தின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. அந்த மாற்றத்தை நிலைநிறுத்தியவராக மரபு சொல்லும் பெயர் துஞ்சத்து எழுத்தச்சன், 16-ஆம் நூற்றாண்டு. அவர் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் இடம் பாலக்காட்டுச் சித்தூரின் தெக்கேகிராமம். சோகநாசினி ஆற்றங்கரையில் அவருடைய குருமடம் இன்றும் இருக்கிறது, விஜயதசமிக்குக் குழந்தைகளை எழுத்துக்கு இருத்த அழைத்து வருகிறார்கள். அதே சித்தூரின் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் உண்டு. கிரந்தத்தோடு உறவுள்ள இரு எழுத்து முறைகள் ஒரு சிற்றூரில் அருகருகே படிக்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

சித்தூர் பழைய கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது, சுற்றியுள்ள பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபாரைச் சேர்ந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது இரண்டும் கேரளத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று எழுந்த குரல் நிறைவேறவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தலைமுறை கண்டன. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதும் உரிமையைத் தருகிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. இருந்தாலும் வேலைக்கும் மேற்படிப்புக்கும் மலையாளமும் ஆங்கிலமும் வேண்டும் என்று பெற்றோர் கணக்குப் போடும்போது, தமிழ் அடுப்படிக்கும், தோட்டத்து வரிசைவீடுகளான லயத்து முற்றத்துக்கும் சுருங்குகிறது. பிள்ளை சரளமாகத் தமிழ் பேசும். மறையூரிலிருந்து உடுமலை போகும் பேருந்தின் பலகையை, மலையாளத்தில் இருந்தால் மட்டும் படிக்கும்.

இதில் பாலக்காட்டு அக்கிரகாரங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. கல்பாத்தி போன்ற ஊர்களில் வீட்டில் தமிழ் பேசும் பிராமணக் குடும்பங்கள் பல, தலைமுறைகளாக மலையாள எழுத்திலேயே எழுதிப் படித்து வந்தவை. பஜனைப் பாடல்களைக்கூட, தமிழ்ப் பாட்டாக இருந்தாலும், மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். ழகரமும் றகரமும் மலையாளத்தில் இருப்பதால் பெரிய சேதம் இல்லை. ஆனால் ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும் மலையாளத்தில் புழங்குவது ஒரே எழுத்து. ஒலி இரண்டும் அவர்கள் வாயில் இருக்கிறது, எழுத்து ஒன்றுதான் இருக்கிறது. இலக்கணம் எழுதிய ஏ. ஆர். ராஜராஜவர்மா ‘ன’வுக்குத் தனி வடிவம் வேண்டும் என்று கண்டு ஒன்றைப் பயன்படுத்தினார். அது வழக்கில் ஒட்டவில்லை. 2010-இல் யூனிகோடு அந்த வடிவத்துக்கு எண் கொடுத்துவிட்டது. எழுதுவாரின்றித் தனக்கென்று ஓரிடத்தோடு அது காத்திருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று வாட்ஸ்அப்பில் எழுதுவது பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான். தமிழ் நண்பனுக்கும் மலையாளி நண்பனுக்கும் ஒரே விசைப்பலகை. நான் இதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. மூன்று எழுத்து முறைகளுக்கு நடுவில் வளரும் குழந்தை எது விரலுக்கு எளிதோ அதை எடுத்துக்கொள்கிறது. வருத்தம் வேறு இடத்தில். அதே குழந்தை தன் விளையாட்டுப் பெயரை அழகுபடுத்த எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும் கோட்டில் ‘ஜ’ இருக்கும். தன் பாட்டியின் பெயரில் வரும் எழுத்து அது என்று அதற்குத் தெரியாமல் போகக்கூடும். டோக்கியோவில் ஒட்டுகிறவருக்கும் இந்தக் குழந்தைக்கும் எழுத்து ஒரே மாதிரி அந்நியமாகிவிடுவது எனக்கு வலிக்கிறது. முன்னவரிடம் இழப்பதற்கு எதுவும் இல்லை. பின்னவரிடம் ஒலி இருக்கிறது.

ஒலி இல்லாத எழுத்தால் வரும் தொல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். பார்வையற்றோர் கைப்பேசியைத் திரை வாசிப்பான் மூலம் கேட்டுப் பயன்படுத்துகிறார்கள். அந்த மென்பொருளுக்கு முகம் தெரியாது, எழுத்துதான் தெரியும். அழும் கண் வந்தால் ஓர் இகரம், சில குறிகள், மீண்டும் ஓர் இகரம் என்று வாசிக்கும், அல்லது விழுங்கிவிடும். அலங்காரக் கோட்டை ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக் காதை அடைக்கும். அழகுக்காகக் கணிதக் குறியீட்டு எழுத்துகளில் பெயர் எழுதினால், பல நேரம் அந்தப் பெயரே அவர்களை எட்டுவதில்லை. குறும்புக்காரர் கையில் இது ஆயுதமும் ஆகும். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்தை அனுப்பினாலே ஐபோனின் செயலிகள் முடங்கின. பலர் அதை வேண்டுமென்றே பரப்பினார்கள். ஆப்பிள் சில நாட்களில் மென்பொருளைத் திருத்தியது. கோடிக்கணக்கானோர் எழுதும் மொழியின் எழுத்து ஒன்றைச் சோதிக்காமல் விட்டதை, இப்படி ஒரு விஷமம் வந்துதான் காட்ட வேண்டியிருந்தது.

தமிழில் வடிவமும் ஒலியும் சேர்ந்தே முகமான கதையும் உண்டு. மாத நாவல்கள் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய காலத்தில் எழுத்தாளர் ராஜேந்திரகுமாரின் பாத்திரங்கள் ‘ஙே’ என்று விழித்தார்கள். ‘ங’ வரிசையில் ‘ங’வையும் ‘ங்’கையும் தவிர மற்றவை அரிச்சுவடிக்கு வெளியே வேலையில்லாமல் கிடந்தவை. அதில் ஒன்றை எடுத்து, பேந்தப் பேந்த விழிக்கும் மனிதனுக்குக் கொடுத்தார். சொல்லிப் பாருங்கள்: மூக்கில் தொடங்கி, வாய் பாதி திறந்து, முகம் தானாகவே அசட்டுத்தனமாகிவிடும். எழுத்தைப் பார்த்தாலும் அதே அசட்டுத்தனம். கணினி வராத காலத்தில் அச்சில் உருவான தமிழ் முகக்குறி என்று இதைச் சொல்வேன், ஜப்பானியக் குறிகளுக்குச் சற்றும் குறையாதது.

ராஜேந்திரகுமாருக்கும் முன்பே அந்த வழி போட்டிருந்தது நம் பேச்சு. ‘ஈ’ என்று இளிக்கிறான். ‘ஆ’ என்று வாயைப் பிளக்கிறாள். ‘ஓ’ என்று அழுகிறார்கள். ‘உம்’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். ஒவ்வொன்றிலும் அந்த எழுத்தை உச்சரிக்க உதடு எப்படிப் போகுமோ அதுவே உணர்ச்சியின் முகம். ‘ஈ’ சொல்லப் பல் தெரிய வேண்டும், ‘ஓ’ சொல்ல வாய் வட்டமாக வேண்டும். ஜப்பானியர் கண்ணைத் தேடி உலக எழுத்துகளுக்குள் போனார்கள். தமிழர் முகத்தை வாயிலேயே வைத்திருக்கிறோம், உயிரெழுத்துகளின் வரிசையே உணர்ச்சிகளின் வரிசையாக இருக்கிறது.

வட்டவடையிலோ கொழிஞ்சாம்பாறையிலோ தமிழ் எழுத்து தெரியாமல் வளரும் பிள்ளைக்கு இந்த வரிசை ஏற்கெனவே தெரியும். ‘ஈ’ என்று இளிக்காதே என்று அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறது, ‘ஆ’ என்று வாய் பிளந்து வேடிக்கை பார்த்து அடி வாங்கியிருக்கிறது. அதன் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை ஒரு தொடுதலில் வந்துவிடும். எழுத்தை அம்மா, ஆடு, இலை என்று தொடங்காமல் முகங்களில் தொடங்கலாமே. இளிக்கும் முகத்துக்கு ‘ஈ’, பிளந்த வாய்க்கு ‘ஆ’, அழுகைக்கு ‘ஓ’, விழிப்புக்கு ‘ஙே’. பன்னிரண்டு உயிரில் ஐந்தாறு ஒரு மாலையில் நண்பர்களுக்கு அனுப்பும் செய்திகளாகவே கைக்கு வந்துவிடும். சித்தூர்க் கல்லூரியின் தமிழ் மாணவர்களோ மூணாற்றுப் பள்ளிகளின் தமிழாசிரியர்களோ இதைச் செய்து பார்க்க எந்த ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடைப்புக்குறி இரண்டும் நடுவில் ஒரு கோடும் எல்லா விசைப்பலகையிலும் இருக்கின்றன. (ஈ_ஈ) என்று தட்டி அனுப்பினால், பெறுகிற பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்கும்போது தானும் இளிக்க வேண்டியிருக்கும்.